முப்பத்தெட்டாம் எண் பார்க்கிங்

அந்தக் கடிதம் வந்தபோது வேதா மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு உறையைத் திருப்பிப் பார்த்தாள். ‘திருமதி ரா. வேதவல்லி, உரிமையாளர், வாகன நிறுத்துமிடம், அடி அண்ணாமலை’ என்று அச்சடித்திருந்தார்கள். பெயர் அவளுடையது, ஊரும் அவளுடையது. நடுவில் இருக்கிற நிறுத்துமிடம் யாருடையது என்றுதான் புரியவில்லை.

மகள் கீர்த்தனா பி.காம். முடித்தவள். ரமணாசிரமம் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

“மா, ரெண்டாயிரத்து நாப்பத்தேழுல திருவண்ணாமலை எப்டி இருக்கணும்னு பிளான் போட்டிருக்காங்களாம். வேங்கிக்கால் கல்யாண மண்டபத்துல மீட்டிங். உன்ன வரச் சொல்லியிருக்காங்க.”

“என்ன எதுக்குடி?”

“நீ போக்குவரத்துத் துறை பங்குதாரராம்.”

வேதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் போன வருஷத்துச் சித்திரா பௌர்ணமி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அப்படியே தவிட்டுத் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வேதாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். வாய் கொஞ்சம் அதிகம், வேலையில் குறை சொல்ல முடியாது. இரண்டும் உண்மை. செங்கத்துப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் ராஜமாணிக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவர் அடுத்தவர்களின் டிராக்டரை ஓட்டினார், இவள் அடுத்தவர்களின் கழனியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கினாள். பதினோரு வருஷம் அப்படி ஓடியது. அதற்கப்புறம் கழுத்திலும் காதிலும் இருந்ததையெல்லாம் கழற்றிக் கொடுத்து வாங்கியதுதான் அந்த ஒரு ஏக்கர் பத்து சென்ட் கழனி. கிணற்றில் பாதிப் பங்கு. பட்டாவை அவள் பெயரில் போடச் சொன்னது ராஜமாணிக்கம்தான். பத்திரப்பதிவு ஆபீசிலிருந்து வெளியே வந்து, ‘இனிமே உன் வாய்க்கு ஒரு எடம் கெடச்சிட்ச்சி’ என்று அவர் கேலி செய்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்தக் கழனி நெல்லைத்தான் வீடு சாப்பிட்டது. கீர்த்தனா படித்ததும் அதில்தான்.

இதில் பார்க்கிங் எங்கே வந்தது?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான ஜனம் மலை சுற்ற வருகிறது. வருகிறவர்கள் பாதிப் பேர் காரில் வருகிறார்கள். கார்களை விட ஊரில் இடம் இல்லை. அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் கழனிகளில் அன்றைக்கு ஒரு நாள் வண்டிகளை விட்டுக்கொள்வது மலை சுற்றும் பாதையோர ஊர்களில் எல்லோரும் செய்வதுதான். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மாட்டை அவிழ்த்துவிட்டால் அது மறுபடி கழனி. யாரும் இதைப் பெரிய விஷயமாக நினைத்ததில்லை.

போன வருஷம் பங்குனியில் ஒரு போலீஸ்காரர் வந்து, அனுமதி இல்லாத இடத்தில் வண்டி விட்டால் கேஸ் போடுவேன் என்று மிரட்டிவிட்டுப் போனார். வேதா பயத்தை வெளியில் காட்டவில்லை. பலகை இருந்தால் அனுமதி வாங்கிய இடம்போலத் தெரியும் என்று ஒரு பழைய தகரத்தை எடுத்து, ‘கார் பார்க்கிங்’ என்று ராஜமாணிக்கத்தை விட்டுப் பெயிண்டில் எழுதவைத்து, வரப்பு முனையில் நட்டாள். அடுத்த மாதம் சித்திரா பௌர்ணமி. சாயங்காலம் விசில் ஊதி ஊதி அவள் வண்டிகளை உள்ளே வாங்கிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் அட்டை தொங்க, கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். பெயர் பாலாஜி என்று அட்டையில் இருந்தது. வேதா அட்டையை எங்கே பார்த்தாள்? போலீஸ்காரர் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

“இந்த எடத்த எதுக்கும்மா யூஸ் பண்றீங்க?”

“பார்க்கிங்கு சார்.”

“எத்தன வருஷமா?”

“பத்து வருஷமா பார்க்கிங்தான் சார்.”

“வேற எதுனா பண்றீங்களா இதுல?”

“வேற ஒண்ணும் கெடையாது சார். முழுக்க முழுக்க பார்க்கிங்கு. லைட்டு கூடப் போடப் போறோம்.”

திரையில் விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். ‘ஒரு ஆளு வந்தான், பேசியே அனுப்பிட்டேன்’ என்று அன்றைக்கு வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

அந்தப் பையன் வந்தது 2047 திட்டப் பிரிவு என்ற ஒன்றிலிருந்து. இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊருக்கு என்ன தொழில் வரும், எங்கே என்ன இருக்கும் என்று எழுதிக் கொடுக்கிற வேலையை எடுத்தவர்கள் அவர்கள். ஊரின் வியாபாரத்தை அளக்க வேண்டும். வியாபாரம் பௌர்ணமியில்தான் நடக்கிறது. ஆகவே பௌர்ணமியில் போய் எண்ணுவோம் என்று யாரோ ஒரு புத்திசாலி முடிவு செய்திருக்கிறார். எண்ணினார்கள். ஒரு நாள் கடை போட்டவனெல்லாம் நிரந்தர வியாபாரி ஆனான். கரும்புச்சாறு மிஷின் பானத் தொழில் ஆனது. வேதாவின் கழனி வாகன நிறுத்துமிடம் ஆனது. மாதத்தில் மிச்சம் இருபத்தெட்டு இருபத்தொன்பது நாளும் இந்த ஊர் என்ன செய்கிறது என்று பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வேங்கிக்கால் கூட்டத்துக்கு வேதா கீர்த்தனாவையும் அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் சந்தனம், கல்கண்டு எல்லாம் வைத்து வரவேற்றார்கள். மேஜையில் அவள் பெயர் எழுதிய அட்டை. ஒரு பக்கம் ஆம்னி பஸ் முதலாளி, இன்னொரு பக்கம் ஆட்டோ சங்கத் தலைவர். திரையில் படம் ஓடியது. கண்ணாடிக் கட்டடம், அதற்குள் நடக்கும் வெள்ளைக்காரர்கள், நீரூற்று, பின்னால் மலை. மலை இடம் வலமாகத் திரும்பி இருந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது ஒரு நொடியில் தெரிந்துவிட்டது, படம் போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. பின் வரிசையில் ஒருத்தர், ‘மலையையே மாத்தி வெச்சிட்டானுங்களே’ என்றார். முன் வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு வரைபடம் வந்தது. பச்சை, மஞ்சள், நீலம். அடி அண்ணாமலைப் பக்கம் பச்சைக்கு நடுவில் சதுரமாக ஒரு சாம்பல் நிறம். கீர்த்தனா போனில் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுக்கு முகம் மாறிவிட்டது.

“மா, நம்ம சர்வே நம்பர்மா. ‘பன்னடுக்கு வாகன நிறுத்தம் மற்றும் பயணியர் மையம்’னு போட்டிருக்கு.”

“போட்டா?”

“நெலத்த எடுத்துப்பாங்கமா. எப்ப எடுப்பாங்கனு தெரியாது. எடுக்கற வரைக்கும் வீடு கட்ட முடியாது, விக்க முடியாது, ஒண்ணும் பண்ண முடியாது. ஆட்சேபண இருந்தா அறுவது நாளுக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம்.”

வேதா எழுந்து மேடைக்கு அருகில் போனாள். அங்கே ஓரமாக பாலாஜி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு அவளை நன்றாக ஞாபகம் இருந்தது. “வாங்கம்மா, லைட்டு போட்டுட்டீங்களா?” என்று சிரித்தபடி கேட்டான். அவளுக்கு அவனை அறையலாமா, தன்னையே அறைந்துகொள்ளலாமா என்று இருந்தது.

“சார், அது கழனி சார். நெல்லு போடற கழனி.”

“நீங்கதானம்மா பார்க்கிங்னு சொன்னீங்க. சைன் பண்ணியிருக்கீங்க.”

“பயந்துட்டு சொல்லிட்டேன் சார். வந்து பாருங்க, தெரியும்.”

“மனு குடுங்க. கள ஆய்வுக்கு வரோம்.”

வேங்கிக்காலில் இருக்கும் திட்டப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தாள். பட்டா, அடங்கல், நெல் போட்ட ரசீது, எல்லாவற்றையும் நகல் எடுத்துச் சேர்த்தாள். இதெல்லாம் போதாதாம். இடத்தின் ‘தற்போதைய பயன்பாடு’ நேரில் பார்த்துத்தான் எழுத வேண்டுமாம். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு பாலாஜி சொன்ன பதிலைக் கேட்டு வேதா அந்த அலுவலகத்து நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

“பௌர்ணமிக்கு வரேம்மா. அன்னிக்குதான் எங்களுக்கு அந்தப் பக்கம் டூட்டி. ஜீப்பும் அன்னிக்குதான் கெடைக்கும்.”

“ஐயோ, பௌர்ணமிய வுட்டுட்டு என்னிக்கு வேணா வாங்க சார். அமாவாசைக்கு வாங்க, பிரதோஷத்துக்கு வாங்க. ஆட்டோவுக்கு நான் தரேன்.”

“அப்டில்லாம் வர முடியாதும்மா. ரூட் சார்ட் போட்டாச்சு.”

திட்டம் என்னவோ இருபது வருஷத்துக்கு மேல் நீளுவது. ஆனால் அதில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு இடம் இல்லை.

சரி, வைகாசிப் பௌர்ணமிக்கு வண்டியே விடக் கூடாது என்று வேதா முடிவு செய்தாள். நவரைப் பட்டத்து நெல் அறுத்த கழனி காய்ந்துதான் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். தகரப் பலகையைப் பிடுங்கிக் கோழிக்கூட்டின் மேல் போட்டாள். வண்டிகள் நுழையும் வழியில் வேலி முள்ளை வெட்டிப் போட்டு, அதற்கு முன்னால் தானே நின்றுகொண்டாள்.

நான்கு மணிக்கு இரண்டு காவலர்கள் வந்தார்கள். கையில் ஒரு பட்டியல். கூடவே ஒரு புதுப் பலகை. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து: ‘வாகன நிறுத்துமிடம் எண் 38’. பக்கத்தில் அம்புக்குறி.

“முள்ள எடும்மா. இது லிஸ்ட்ல இருக்கு.”

“எந்த லிஸ்ட்ல சார்?”

“புதுசா பிளான் போட்டிருக்காங்க இல்ல, அதுலேர்ந்து எடுத்துக் குடுத்திருக்காங்க.”

வேதா கத்தினாள். பட்டாவைக் காட்டினாள். மனுவைக் காட்டினாள். பின்னால் கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. காவலர்கள் நல்ல மனுஷர்கள்தான். அவர்களுக்கும் பாவம், மேலே சொன்னதைச் செய்ய வேண்டும். முள்ளை அவர்களே ஓரமாக இழுத்துப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் கழனி நிரம்பிவிட்டது. ஆறு மணிக்குத் திட்டப் பிரிவின் வெள்ளை ஜீப் வந்தது. அதற்கும் அதிலேயே ஓரமாக இடம் பிடித்து டிரைவர் நிறுத்தினார். பாலாஜி இறங்கி ஒரு சுற்று பார்த்தான்.

“என்னம்மா, பார்க்கிங் இல்லன்றீங்க. எங்க வண்டியே இங்கதான் நிக்குது.”

வேதா மனுவின் நகலை அவன் முன்னால் நீட்டினாள். அவன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டான். ஆனிப் பௌர்ணமிக்கு இன்னொரு முறை பார்க்கலாம், அதற்குப் பிறகு கெடு முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியவில்லை. வேதா அழுதாள். ராஜமாணிக்கத்தைத் திட்டினாள், அந்தப் பலகையை எழுதிக் கொடுத்ததற்காக. கீர்த்தனா வக்கீல் ஒருத்தரைப் பார்க்கலாமா என்றாள். வேதா மூக்கைச் சிந்திவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“அந்தப் பையன் மேல தப்பு பாதிதாண்டி. மீதி என் வாயிலேர்ந்துதானே வந்துச்சு. ஒரு நாள் வண்டி வுடறதுக்காக, இத்தன வருஷம் சோறு போட்ட கழனிய ‘வேற ஒண்ணும் கெடையாது’னு சொல்லிட்டேனே. அதத்தான் என்னால தாங்க முடியல.”

மறுநாள் விடிந்ததும் ராஜமாணிக்கம் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். போன வாரம் இரண்டு நாள் பெய்த கோடை மழையில் தண்ணீர் ஓரளவு ஏறியிருந்தது.

“இன்னிக்கு நாத்து வுட்டா எத்தன நாள்ல நடலாம்?”

“இருபத்தஞ்சு நாள் ஆவும்.”

“அடுத்த பௌர்ணமிக்கு எத்தன நாள் இருக்கு?”

வேதா விரலை மடக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பௌர்ணமிக்குத்தான் வருவார்கள் என்றால், பௌர்ணமியன்றைக்கு அது கழனியாக இருந்தாக வேண்டும். காய்ந்த கழனி அல்ல, சந்தேகத்துக்கு இடமில்லாத கழனி.

கிணற்று ஓரத்துத் துண்டில் நாற்று விட்டார்கள். தண்ணீர் போதுமோ போதாதோ என்று தினமும் கிணற்றை எட்டிப் பார்ப்பதே வேதாவுக்கு வேலையாயிற்று. கிணற்றில் மறு பாதிக்குச் சொந்தக்காரரான பங்காளி தண்ணீருக்குச் சண்டைக்கு வந்தார், அவரிடம் கெஞ்சி ஒரு வாரத்து முறையை மாற்றிக்கொண்டாள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு ராஜமாணிக்கம் தான் ஓட்டும் டிராக்டரை முதலாளியிடம் கேட்டு வாங்கி, இரும்புச் சக்கரம் மாட்டிக் கொண்டுவந்து கழனி முழுவதையும் சேறாக்கினார். கார்கள் மிதித்துத் தரைமட்டமாகிவிட்ட வரப்பை இருவருமாகச் சேறு வாரிப் போட்டு எழுப்பினார்கள். மறுநாள் ஐந்து பெண்கள் வந்து நட்டார்கள். கீர்த்தனாவும் விடுப்புப் போட்டுவிட்டு வந்து நட்டாள். நேர்கோட்டில் நடத் தெரியாமல் எல்லோரிடமும் திட்டு வாங்கினாள்.

பௌர்ணமியன்று மூன்று மணிக்கு அதே காவலர்கள் வந்தார்கள். முழங்கால் சேறும் நட்ட பச்சையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். ஒருத்தர் பட்டியலில் முப்பத்தெட்டைப் பேனாவால் அடித்தார்.

“அப்டியே அந்தப் பலகையையும் எடுத்துடுங்க சார்.”

“அத எடுக்க எங்களுக்கு ஆர்டர் இல்லம்மா.”

பலகை நின்றது. வேதா வரப்பில் உட்கார்ந்தாள். சூரியன் மலைக்கு எதிர்ப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தி வெளிச்சத்தில் சேற்றுத் தண்ணீர் பூசின சிமெண்டுத் தரைபோல மின்னியது. ஊன்றி ஒரு நாளே ஆன நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்ததால் தூரத்துக்குத் தெரியவில்லை.

ஆறரைக்கு ஜீப் வந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் துரத்தியது. டிரைவருக்கு இடம் தெரிந்த இடம். அம்புக்குறி வேறு அழகாகக் காட்டுகிறது. அவர் யோசிக்கவே இல்லை. போன மாதம் திருப்பிய அதே இடத்தில், அதே வேகத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஈர வரப்பு சரிந்தது. “ஐயோ, நில்லு, நில்லு!” என்று வேதா எழுந்து ஓடுவதற்குள் முன் சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டன. டிரைவர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின் சக்கரமும் இறங்கியது. நாற்று நான்கு பக்கமும் பறந்தது.

பாலாஜி கதவைத் திறந்து காலை வைத்தான். முழங்கால் வரை போய்விட்டது. ஒரு செருப்பு கடைசி வரை கிடைக்கவே இல்லை.

வேதா வரப்பில் நின்று சிதறிய நாற்றுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு நாற்றாக நட்ட கழனி. போச்சே என்று இருந்தது. அதற்குள்ளேயே எங்கேயோ ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்ததை மறைப்பானேன்.

“இது என்னா சார்?” என்றாள்.

“வயலும்மா. ஒத்துக்கறேன். வயல்தான்.”

“எழுதுங்க.”

அவன் நின்ற இடத்திலேயே டேப்லெட்டைத் திறந்தான். இரண்டு மூன்று தடவை தட்டினான். முகம் சுருங்கியது.

“விவசாயம்னு போட்டா எடுக்க மாட்டேங்குதும்மா. இந்த நம்பர் ஏற்கனவே போக்குவரத்துல ஏறிடுச்சு. காலி மனை, நீர்நிலை, இது ரெண்டுதான் காட்டுது.” கொஞ்சம் யோசித்தான். அவள் மேல் அவனுக்கு நிஜமாகவே இரக்கம் வந்திருக்க வேண்டும். “ஒண்ணு பண்ணலாம். தண்ணி நிக்குதில்ல? நீர்நிலைனு போட்டுடறேன். அப்பறம் ஒருத்தனும் இதுல பார்க்கிங் கட்ட முடியாது. சைன் பண்ணுங்க.”

கீர்த்தனா பதறிப்போய் ஓடி வந்தாள். “மா, போடாத! நீர்நிலைனு போட்டா நாம ஆக்கிரமிப்பாளர் ஆயிடுவோம். பட்டாவே போயிடும்.”

வேதாவுக்கு மகள் சொல்லும் முன்பே தெரிந்துவிட்டது. போன முறை அவள் இப்படித்தான், அந்த நேரத்துக்குச் சௌகரியமாக இருந்த ஒரு பொய்க்கு விரலை வைத்தாள்.

“தம்பி,” என்றாள். சார் போய்விட்டது. “போன வருஷம் நான் ஒரு பொய் சொன்னேன். அது பண்ணின கூத்த ரெண்டு மாசமா பாத்துகினு இருக்கேன். இப்ப நீ ஒரு பொய் சொல்ற. வேணாம். இது குட்டையும் இல்ல, மனையும் இல்ல. கழனி. கழனினே எழுது.”

“சிஸ்டம் எடுக்கலம்மா, நான் என்ன பண்ணுவேன்?”

“பேப்பரு எடுக்கும் இல்ல?”

“அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்மா. ஏழு மணிக்கு எங்க டைரக்டர் கோயில்கிட்ட வெய்ட் பண்றாரு. வண்டிய மொதல்ல வெளிய எடுக்கணும். அந்த டிராக்டர் யாருதும்மா?”

முதலாளியிடம் இன்னும் திருப்பிக் கொடுக்காத டிராக்டர் வரப்புக்கு மேலே இரும்புச் சக்கரத்தோடு நின்றது. சாவி வேதாவின் இடுப்பில் இருந்தது. ராஜமாணிக்கம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பீடி வாங்கப் போவதாகச் சொல்லி மெதுவாக நகர்ந்துவிட்டார்.

“எதுக்கு தம்பி எடுக்கணும்?” என்றாள் வேதா. “வண்டி பார்க்கிங்லதானே நிக்குது. அதோ பாரு, பலகை. முப்பத்தெட்டாம் நம்பர். உங்க பிளான் பிரகாரம் வண்டி நிக்க வேண்டிய எடம்தான். நாப்பத்தேழு வரைக்கும் நிக்கட்டும். நான் ஒரு பைசா கேக்க மாட்டேன்.”

மலை சுற்றப் போய்க்கொண்டிருந்தவர்களில் பத்து இருபது பேர் நின்றுவிட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். பாலாஜியின் போன் அடித்தது. எடுத்து, ‘வந்துட்டேன் சார், பக்கத்துலதான் சார்’ என்றான். சேற்றில் நின்றபடி அவன் அதைச் சொன்னபோது டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அம்மா, ப்ளீஸ்மா.”

“இது பார்க்கிங்னா வண்டி இங்கயே நிக்கட்டும். கழனினா எழுதிக் குடு, கழனியில எறங்கின வண்டிய இழுத்துவுடறது என் பொறுப்பு. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை அவன் எடுக்கவில்லை. கீர்த்தனா பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து நீட்டினாள். ஜீப்பின் பானெட் மேல் அதை வைத்து, பின்பக்கத்தில் பாலாஜி எழுதினான். இன்ன தேதியில் நேரில் பார்த்ததாகவும், நிலம் நெல் நடவு செய்யப்பட்ட நன்செய் என்றும், வாகனம் நிறுத்தத் தகுதி இல்லாத இடம் என்றும், முந்தைய பதிவைத் திருத்த வேண்டும் என்றும் எழுதினான். கையெழுத்துப் போடப் போனான்.

“வண்டி மாட்டிகினதயும் எழுது.”

“அது எதுக்கும்மா?”

“அதான் சாட்சி.”

எழுதினான். ‘ஆய்வுக்கு வந்த எங்கள் வாகனம் மேற்படி நிலத்தின் சேற்றில் சிக்கிக்கொண்டது.’ கீழே கையெழுத்து, பெயர், பதவி. பையில் இருந்த முத்திரையைக் குத்தினான். கீர்த்தனா போனில் மூன்று படம் எடுத்துக்கொண்டாள். அடுத்து வேதா கையெழுத்துப் போட வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு தடவை கீர்த்தனாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வேதவல்லி என்று முழுப் பெயரையும் எழுதினாள். விரலால் இல்லை, பேனாவால்.

பீடிக்குப் போன ராஜமாணிக்கம் சரியாக அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்தார். டிராக்டர் இழுத்ததில் ஜீப் வெளியே வந்துவிட்டது. கூடவே கால்வாசி நடவும் போய்விட்டது. மறுநாள் காலையில் மிச்ச நாற்றைப் பிடுங்கி வேதா மறுபடி நட்டாள். நடும்போது சேற்றுக்குள் கையில் எதுவோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் பாலாஜியின் செருப்பு. கழுவி வரப்பில் வைத்தாள். அதை வாங்க அவன் வரவில்லை. பௌர்ணமி இல்லாத நாளில் அவன் எப்படி வருவான்.

இறுதித் திட்டம் மார்கழியில் வந்தது. அதற்குள் அந்தப் பேப்பரின் நகலோடு வேதா வேங்கிக்காலுக்கு ஒன்பது முறை அலைந்துவிட்டாள். சில நாள் ஆள் இல்லை, சில நாள் பைல் இல்லை, ஒரு நாள் இரண்டும் இருந்து கரண்ட் இல்லை. ஆனியில் நட்டது அறுத்து, அடுத்த நடவும் பச்சை பிடித்திருந்தது. கீர்த்தனா வீட்டு வாசலில் நின்று போனில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். வேதா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“பச்சை மா. நன்செய்னு இருக்கு.”

வேதா போனை வாங்கி, அந்தப் பச்சைச் சதுரத்தை முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். அவளுடையதுதான். சொந்தக் கழனி சொந்தக் கழனிதான் என்று எழுதி வாங்க ஏழு மாதம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்த கோபத்தில் அதைத் துடைத்துக்கொண்டாள்.

“மலையை நேரா வெச்சிட்டாங்களா?”

கீர்த்தனா முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். “இல்லமா. இன்னும் எடம் வலமாதான் திரும்பியிருக்கு.”

“போவட்டும். நம்மளுது எது வரைக்கும் பச்சை?”

“நாப்பத்தேழு வரைக்கும்.”

“அப்ப எனக்கு எழுவது வயசு. அதுக்கு மேல?”

“வேற பிளான் போடுவாங்க. மறுபடி சர்வே எடுக்க ஆளு வருவாங்க.”

வேதா போனை மகளிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். அன்றைக்குத் தண்ணீர் முறை அவர்களுடையது.

“வந்தா, கழனிலேர்ந்து ஏறி வந்து பதில் சொல்லு. கால்ல சேறு இல்லாம பதில் சொல்லாத,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் நடந்தாள்.